ஒப்பரேஷனுக்குப் பிறகு வார்ட்டில்: வீட்டார் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பில் ஒரு அரச வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை வார்ட்டில் பல வருடங்கள் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறேன். யாழ்ப்பாணம், மன்னார், மட்டக்களப்பு, அட்டன் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒப்பரேஷனுக்கு வருகிறவர்கள் இங்கே லொட்ஜிலோ சொந்தக்காரர் வீட்டிலோ தங்குகிறார்கள். யாராவது என் நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். பின்னேரம் வார்ட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து போன் எடுப்பார்கள். ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அநேகமாக அதேதான். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

உங்கள் டொக்டர் சொன்னதற்கும் நான் எழுதியதற்கும் வித்தியாசம் இருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள். உங்கள் ஆளின் வயிற்றையும் நெஞ்சையும் பார்த்தவர் அவர்தான்.

ஒப்பரேஷன் முடிஞ்சுது எண்டு சொல்லிட்டினம். பிறகு ஏன் இன்னும் வார்ட்டுக்குக் கொண்டு வரேல்லை?

தியேட்டருக்குப் பக்கத்திலேயே மயக்கம் தெளியும் வரை வைத்துப் பார்க்கும் அறை ஒன்று இருக்கிறது. தானாக மூச்சு விடுகிறாரா, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா, பிரஷர் நிலையாக இருக்கிறதா, காயத்தால் இரத்தம் கசிகிறதா என்று அங்கே பார்ப்பார்கள். இவை சரியென்றால்தான் வார்ட்டுக்கு விடுவார்கள். அரை மணித்தியாலமும் ஆகலாம், இரண்டு மூன்று மணித்தியாலமும் ஆகலாம். வார்ட்டில் கட்டில் காலியாகாமல் தாமதிப்பதும் உண்டு. தாமதம் என்றாலே ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்து வாசலில் நின்று அழ வேண்டாம்.

வார்ட்டுக்கு வந்த பிறகு நேர்ஸ் என்னதான் செய்யவேணும்? நல்லாப் பாக்கினமோ இல்லையோ எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?

இதுதான் முக்கியமான கேள்வி. ஒப்பரேஷனுக்குப் பிறகான தாதிப் பராமரிப்பு என்றால் முதலில் பார்ப்பது, பார்த்ததை எழுதுவது, திரும்பி வந்து மறுபடி பார்ப்பது. முதல் ஒரு மணித்தியாலத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை, பிறகு அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, அதன் பின் மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்பது வழமையான முறை. நாடித்துடிப்பு, பிரஷர், மூச்சு, உடம்புச் சூடு, இரத்தத்தில் ஒட்சிசன், எவ்வளவு சிறுநீர் போனது, காயத்தின் கட்டு நனைந்திருக்கிறதா, ஆள் தெளிவாகக் கதைக்கிறாரா என்பவற்றைப் பார்ப்பார்கள். பெரிய ஒப்பரேஷன் என்றால் இது நாள்கணக்கில் நடக்கும்.

ஏன் இவ்வளவு அடிக்கடி? உள்ளுக்குள் இரத்தம் கசியத் தொடங்கினால் பிரஷர் உடனே இறங்காது. முதலில் நாடி வேகமாகும், மூச்சு கூடும், ஆள் அந்தரப்படுவார், கை கால் சில்லிடும். பிரஷர் விழும்போது நிறைய நேரம் போயிருக்கும். ஒரு தடவை பார்த்தால் நாடி 96 என்பது வெறும் எண். 80, 88, 96, 110 என்று வரிசையாக எழுதியிருந்தால் ஏதோ நடக்கிறது என்று அந்தத் தாளே சொல்லும்.

ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியதும் அதைத்தான். மிஸ் (வார்ட்டில் தாதியை இப்படித்தான் கூப்பிடுவார்கள்) வந்து கையைப் பிடித்துப் பார்க்கிறாரா, கட்டைத் தூக்கிப் பார்க்கிறாரா, எழுதுகிறாரா, சொன்ன நேரத்துக்குத் திரும்ப வருகிறாரா? வலிக்கு ஊசி போட்ட பிறகு “இப்ப எப்படி?” என்று கேட்க வந்தாரா? ஒரு நோயாளியைத் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் போக முன் கையைச் சவர்க்காரத்தாலோ மருந்துத் திரவத்தாலோ சுத்தம் செய்தாரா? இவற்றுக்கு ஆம் என்றால் உங்கள் ஆள் நல்ல கையில் இருக்கிறார்.

நீங்க சொல்றது சரி மிஸ், ஆனா அவங்க முகம் குடுத்துக் கதைக்கிறதே இல்ல. ஏசுறாங்க.

ஏசுவது பிழை. வேலை அதிகம் என்பது அதற்குச் சாட்டு ஆகாது. வலியில் கிடக்கிற மனிதர் ஒரு கடும் வார்த்தை கேட்டால் அடுத்த தடவை வலித்தாலும் கூப்பிட மாட்டார். அது மருத்துவ ரீதியாகவே ஆபத்து. நான் பழக்கிய பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆனாலும் முகத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். சிரித்துக்கொண்டே தாளில் பார்க்காத எண்ணை எழுதுகிறவர்களும் உண்டு, முகம் இறுகி இருந்தாலும் இரவு இரண்டு மணிக்கு மூன்றாவது தடவையாகக் கட்டைப் பார்க்க வருகிறவர்களும் உண்டு. எனக்கு ஒப்பரேஷன் என்றால் இரண்டாமவர்தான் வேண்டும்.

ஒரு வார்ட்டுக்கு ரெண்டு மூணு நேர்ஸ்தான் நிக்கிறாங்க. இதனால உயிருக்கே ஆபத்து வருமா?

வரும். இது வெறும் பயம் இல்லை, கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லிண்டா ஐக்கனும் அவரது குழுவினரும் சத்திரசிகிச்சை நோயாளர்களை வைத்துச் செய்த ஆய்வு 2002இல் வெளியானது. ஒரு தாதி கவனிக்கும் நோயாளர் எண்ணிக்கையில் ஒருவர் கூடும்போதெல்லாம், 30 நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 வீதம் கூடுகிறது என்று அதில் கண்டார்கள். 2014இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதே அளவுதான் வந்தது. ஒப்பரேஷனுக்குப் பிறகு சிக்கல் எந்த நாட்டிலும் வரும். அது நேரத்தோடு கண்ணில் படுகிறதா என்பதில்தான் உயிர் தங்கியிருக்கிறது. கண்கள் குறைந்தால் காணாமல் விடுவதும் கூடும்.

கொழும்புத் தேசிய வைத்தியசாலை 1864இல் தொடங்கியது. இன்று 3,000க்கு மேற்பட்ட கட்டில்களோடு நாட்டிலேயே பெரியது. மற்ற மாவட்டங்களில் செய்ய முடியாத சிக்கலான ஒப்பரேஷன்களும் அங்கேதான் வந்து சேரும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தாதியர் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். நிற்கிறவர்கள் அந்தப் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். இதை நோயாளியின் வீட்டார் தீர்க்க முடியாது, அரசாங்கம் தீர்க்க வேண்டும். நீங்கள் செய்யக்கூடியது, அந்த வார்ட்டில் இன்னொரு சோடிக் கண்ணாக இருப்பது. எப்படி என்று கீழே சொல்கிறேன்.

கண் முழிச்சவுடனே தண்ணி தண்ணி எண்டு கேக்கிறா. ஒரு வாய் குடுத்தா என்ன?

மிஸ்ஸிடம் கேட்காமல் ஒரு கரண்டிகூடக் கொடுக்க வேண்டாம். மயக்கம் அரைகுறையாகத் தெளிந்தவருக்கு விழுங்கும் திறன் சரியாக இருக்காது. தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனால் நியூமோனியா வரை கொண்டுபோய்விடும். உதட்டைப் பஞ்சால் நனைத்துவிடலாம்.

எப்போது கொடுக்கலாம் என்பது ஒப்பரேஷனைப் பொறுத்தது. கை கால் ஒப்பரேஷன் என்றால் தெளிந்த சில மணித்தியாலத்தில் பிளேன்ரீயே குடிக்கலாம். குடலில் கை வைத்திருந்தால் டொக்டர் சொல்லும் வரை பொறுங்கள். இப்போது முன்னைப் போல நாள்கணக்கில் பட்டினி போடுவதில்லை, அதனால் இரண்டாம் நாளே கஞ்சி கொடுக்கச் சொன்னால் பயப்பட வேண்டாம்.

வலிக்குது எண்டு சொன்னா, ஒப்பரேஷன் எண்டா வலிக்கத்தானே செய்யும், பொறுங்கோ எண்டினம். பொறுக்கத்தான் வேணுமா?

கொஞ்சம் வலி இருக்கும். ஆனால் வலியால் ஆழமாக மூச்சு விட முடியாமலும் இருமவோ திரும்பிப் படுக்கவோ முடியாமலும் இருந்தால் அது பொறுக்க வேண்டிய வலி இல்லை. அப்படிக் கிடந்தால் சளி நெஞ்சில் கட்டும். காலில் இரத்தம் உறையும். வலியைக் குறைப்பது சிகிச்சையின் ஒரு பகுதி.

சொல்லும் விதம்தான் வித்தியாசத்தைக் கொண்டு வரும். “சரியான வலி” என்றால் யாருக்கும் ஒன்றும் புரியாது. பூச்சியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது என்று வைத்துக்கொண்டு “இப்ப ஏழு, காலையில் நாலு இருந்தது, இருமினால் ஒன்பது” என்று சொல்லுங்கள். எங்கே, எப்போது தொடங்கியது என்றும் சொல்லுங்கள். நேரத்துக்கு நேரம் போட எழுதிய மருந்து பிந்தினால் நினைவூட்டலாம், அதில் பிழையில்லை. மருந்து போட்டும் குறையாமல் ஏறிக்கொண்டே போகும் வலியை, முக்கியமாக வயிறு கல்லுப்போல இறுகினால், உடனே சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் பையில் இருக்கும் பனடோலை எடுத்துக் கொடுக்காதீர்கள். ஊசியிலோ சேலைனிலோ அதே பரசிற்றமோல் போயிருக்கலாம். பெரியவர்களுக்கு 24 மணித்தியாலத்தில் 4 கிராமுக்கு மேல் போனால் ஈரல் பழுதாகலாம். மோர்பின் போன்ற மருந்து ஏறியவர் எழுப்பினாலும் எழும்பாமல், மூச்சும் மெதுவாகி நிமிடத்துக்குப் பத்துக்குக் குறைந்தால் அது நல்ல தூக்கம் இல்லை. உடனே சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள்.

இன்னொரு சோடிக் கண் எண்டீங்க. நாங்க படிக்காத ஆக்கள், என்னத்தைப் பாக்கிறது?

மூச்சை எண்ணுங்கள். அதற்குப் படிப்பு வேண்டாம், மணிக்கூடு போதும். போர்வைக்கு மேலாக நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குங்கள். எண்ணுகிறீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் மூச்சு மாறும். வளர்ந்தவர்களுக்குச் சாதாரணமாக 12 முதல் 20 வரை இருக்கும். 25ஐத் தாண்டினால் போய்ச் சொல்லுங்கள். நாடி, பிரஷர் எல்லாவற்றையும் விட முதலில் மாறுவது பெரும்பாலும் மூச்சுதான். வேலை கூடிய வார்ட்டில் முதலில் கைவிடப்படுவதும் அதுதான், ஏனென்றால் அதை எண்ணக் கருவி இல்லை, ஆள் நின்று பார்க்க வேண்டும்.

எங்கள் வார்ட்டில் பித்தப்பை ஒப்பரேஷன் செய்த அம்மா ஒருவர் இருந்தார். பின்னேரம் பார்க்க வந்த மகள் என்னிடம் வந்து, “மிஸ், அம்மா பெட்சீட்டை இழுத்து இழுத்துச் சுருட்டிறா, அவ அப்பிடிச் செய்யிற ஆள் இல்லை” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். போய்ப் பார்த்தேன். நாடி 118, பிரஷர் இன்னும் சரியாகவே இருந்தது. டொக்டரைக் கூப்பிட்டோம், அன்றிரவே மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய் இரத்தக் கசிவை நிறுத்தினார்கள். அந்த அம்மா எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியும். வீட்டாரின் கண் என்று நான் சொல்வது இதைத்தான்.

மறுநாளே எழும்பி நடக்கச் சொல்லுறாங்க. தையல் பிரிஞ்சிடாதா?

பிரியாது. பெரும்பாலான ஒப்பரேஷன்களில் உள்ளே பல படையாகத் தைத்திருப்பார்கள். எழும்பும்போதும் இருமும்போதும் ஒரு தலையணையைக் காயத்தின் மேல் அணைத்துப் பிடித்தால் வலி குறையும். முதலில் கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு ஐந்து நிமிடம் இருக்கட்டும். தலை சுற்றவில்லை என்றால் நிற்கட்டும். முதல் தடவை தாதி பக்கத்தில் இருக்க வேண்டும், நீங்களாக எழுப்ப வேண்டாம். எலும்பு, முள்ளந்தண்டு ஒப்பரேஷன் என்றால் டொக்டர் சொன்ன பிறகுதான்.

மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியை வாங்கச் சொன்னால் வாங்கி அலுமாரிக்குள் வைக்காதீர்கள். அது ஊதுவதற்கு இல்லை, வாயால் மெதுவாக உள்ளே இழுப்பதற்கு. விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் பத்துத் தடவை.

எழும்பவே முடியாதவர் என்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும். பார்க்கப் போகும்போது குதிக்கால், இடுப்பின் பின்பக்கம், தோள்பட்டை மூன்றையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் சிவப்பு வெளிறாமல் அப்படியே இருந்தால் படுக்கைப் புண்ணின் தொடக்கம் அது. அன்றே சொல்லுங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிட வேண்டாம்.

வயித்தில ஒவ்வொரு நாளும் ஊசி போடுறாங்க. ஒப்பரேஷன் கால்லதானே?

அது காலில் இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஊசி. படுத்தே கிடந்தால் காலின் நாளத்தில் உறைந்த இரத்தம் நெஞ்சுக்குப் போய் நுரையீரலை அடைக்கலாம். போட்ட இடத்தில் சின்னக் கண்டல் வருவது சாதாரணம்.

சேலைன் ஏத்தின கை வீங்கிச் சிவந்திருக்கு. சொன்னா திரும்பக் குத்துவாங்களே எண்டு அவர் பேசாம இருக்கார்.

சொல்லுங்கள். ஊசிக்குழாய் குத்திய இடம் சிவந்து, சுட்டு, நாளம் கயிறு போலத் தடித்தால் அதை எடுக்கத்தான் வேண்டும். மூன்று நான்கு நாளுக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தாலும், இரண்டு நாளாக அதனால் ஒன்றுமே ஏற்றவில்லை என்றாலும், “இது இன்னும் தேவையா மிஸ்?” என்று கேட்கலாம். சிறுநீர்க் குழாய்க்கும் இதே கேள்விதான். ஒவ்வொரு நாளும் கூடக்கூடக் கிருமித்தொற்றும் கூடும். சிறுநீர்ப் பை இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், நிலத்தில் முட்டக் கூடாது. நடக்கும்போது அதைத் தோளளவுக்குத் தூக்கிப் பிடிப்பவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். பையிலுள்ளது திரும்ப உள்ளே போகும்.

காயத்தால் வரும் குழாயின் போத்தலை நீங்கள் ஊற்ற வேண்டாம். எவ்வளவு வந்தது என்று அளந்து எழுத வேண்டும். ஊற்றிவிட்டால் அந்தக் கணக்கு போய்விடும். திடீரென்று செக்கச்செவேலென்று நிறைந்தாலும், வந்துகொண்டிருந்தது சட்டென்று நின்றாலும் சொல்லுங்கள். குழாய் இல்லாதவருக்கு ஒப்பரேஷன் முடிந்து ஆறு முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் சிறுநீர் போகவில்லை என்றாலும் சொல்ல வேண்டும். முதுகில் ஊசி போட்டு விறைக்க வைத்தவர்களுக்கு இது அடிக்கடி வரும்.

எந்த நேரத்தில போய்க் கேட்டாலும் பிறகு வாங்கோ எண்டினம். எப்பதான் கேக்கிறது?

அரச வைத்தியசாலைகளில் தாதியரின் வேலை முறை காலை 7, மதியம் 1, இரவு 7 மணிக்கு மாறும். ஒருவர் மற்றவருக்குக் கட்டில் கட்டிலாகச் சொல்லி ஒப்படைக்கும் நேரம் அது. அப்போது குறுக்கே போய்க் கேட்டால் ஏதாவது ஒரு விபரம் விடுபட்டுப் போகலாம், அது உங்கள் ஆளுடையதாகவும் இருக்கலாம். ஒப்படைத்து முடிந்து அரை மணித்தியாலம் கழித்துக் கேளுங்கள். வருத்தத்தின் நிலை, எப்போது வீட்டுக்கு விடுவார்கள் போன்றவற்றைத் தாதியிடம் வற்புறுத்திப் பயனில்லை, வார்ட் டொக்டரிடம் கேட்க வேண்டும். வீட்டிலிருந்து ஒரே ஒருவர் கேட்டு மற்றவர்களுக்குச் சொன்னால் எல்லோருக்கும் நல்லது.

மேலே சொன்ன ஆபத்தான அறிகுறிகளுக்கு நேரம் காலம் கிடையாது. ஒப்படைக்கும் நேரமென்றாலும் குறுக்கே போங்கள்.

ராத்திரியில பக்கத்தில நிக்க விடுவாங்களா?

அரச வார்ட்டுகளில் பொதுவாக இல்லை. குழந்தைகள், மிகவும் வயதானவர்கள், தானாக அசைய முடியாதவர்கள் என்றால் வார்ட் சிஸ்டர், அதாவது வார்ட்டின் பொறுப்புத் தாதி, அனுமதித் துண்டு கொடுப்பார். பெண்கள் வார்ட்டில் பெண்ணைத்தான் விடுவார்கள். தனியார் வைத்தியசாலை அறைகளில் ஒருவர் நிற்கலாம்.

எனக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. வலிக்குது எண்டுகூடச் சொல்லத் தெரியாது.

மலையகத்திலிருந்தும் வடக்கு கிழக்கிலிருந்தும் வருகிறவர்களின் பெரிய பயம் இதுதான், நியாயமான பயம். தமிழ் 1987 முதல் இந்த நாட்டின் ஆட்சிமொழி. அரச வைத்தியசாலையில் தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. குறிப்பாக ஒப்பரேஷனுக்கான சம்மதப் பத்திரத்தை விளங்காமல் ஒப்பமிட வேண்டாம். தமிழ் தெரிந்த தாதியோ டொக்டரோ ஊழியரோ அநேகமாக எங்காவது இருப்பார், கூப்பிட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஆனால் நடு இரவில் உரிமை பேசி ஆளைத் தேட நேரம் இருக்காது. அதற்காக ஒரு அட்டையில் தமிழ் எழுத்தில் எழுதி அம்மாவின் தலையணைக்குப் பக்கத்தில் வையுங்கள். வலிக்குது: “ரிதெனவா”. மூச்சு விடக் கஷ்டம்: “ஹுஸ்ம கன்ன அமாருய்”. இரத்தம் வருது: “லே எனவா”. சத்தி வருது: “வமனே எனவா”. வாசிக்கத் தெரியாதவர் என்றால் இந்த நாலையும் ஒப்பரேஷனுக்கு முதல் நாளே சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள். ஒவ்வாத மருந்து ஏதும் இருந்தால் அதன் பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

அப்பா நேற்றிலிருந்து பிசத்துறார். செத்துப்போன பெரியப்பா வந்து நிக்கிறார் எண்டுறார். மூளை குழம்பிட்டுதோ?

வயதானவர்களுக்கு ஒப்பரேஷனுக்குப் பிறகு முதல் சில நாட்களில் வரும் குழப்பம் இது. பெரும்பாலும் சில நாட்களில் தெளிந்துவிடும். ஆனால் “வயசு போனால் அப்படித்தான்” என்று விடக் கூடாது. கிருமித்தொற்று, ஒட்சிசன் குறைவு, வலி, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, இரத்தத்தில் உப்பு அல்லது சீனி கூடிக் குறைவது, ஏதாவது மருந்து என்று காரணம் ஒன்று இருக்கும். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் என்பதைத் தாதியிடம் அழுத்திச் சொல்லுங்கள். நிற்கிற தாதிக்கு அவரை முன்பு தெரியாது, எப்போதும் இப்படித்தான் என்று நினைக்கக் கூடும்.

மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி, பல்செட் மூன்றையும் கொண்டுபோய்க் கொடுங்கள். திகதி, இடம், உங்கள் பெயர் சொல்லி மெதுவாகக் கதையுங்கள். பெரியப்பா வரவில்லை என்று சண்டை பிடிக்க வேண்டாம். முடிந்தால் இரவில் ஒருவர் நிற்கத் துண்டு கேளுங்கள். இதற்குப் பெரும்பாலும் கொடுப்பார்கள்.

தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா கவனிப்பு நல்லா இருக்கும்தானே? நகையை அடகு வைக்கலாமா எண்டு யோசிக்கிறம்.

அறை, சுத்தம், மரியாதையான பேச்சு, ஆள் கூட நிற்கும் வசதி ஆகியவை கிடைக்கும். அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் நான் முதலில் சொன்னது போலப் பார்ப்பதும் எழுதுவதும் திரும்ப வருவதும் பில்லின் தொகையோடு தானாக வருவதில்லை. அரச தாதி மூன்று வருடம் படித்து வருகிறவர். தனியார் இடங்களில் அப்படிப் படித்தவர்களும் இருக்கிறார்கள், குறுகிய பயிற்சி பெற்ற உதவியாளர்களும் சீருடையில் இருக்கிறார்கள். இரவு எத்தனை பதிவு பெற்ற தாதியர் நிற்பார்கள், இரவில் டொக்டர் வார்ட்டிலேயே இருப்பாரா, நிலைமை மோசமானால் தீவிர சிகிச்சைக் கட்டில் அங்கேயே இருக்கிறதா என்று மூன்றையும் கேட்டு விட்டு முடிவெடுங்கள்.

என் அபிப்பிராயம்: பெரிய, ஆபத்தான ஒப்பரேஷன் என்றால், அதை அடிக்கடி செய்கிற அரச வைத்தியசாலைப் பிரிவைப் பயந்து தவிர்க்க வேண்டாம். தனியார் இடத்திலும் ஒப்பரேஷன் செய்வது அநேகமாக அதே டொக்டர்தான். நகையை வைத்திருங்கள், வீட்டுக்கு வந்த பிறகும் செலவு இருக்கிறது.

ஆளுக்கு ஏதும் குடுத்தாத்தான் நல்லாப் பாப்பாங்க எண்டு பக்கத்துக் கட்டில்காரர் சொல்றார். குடுக்கவா?

கொடுக்க வேண்டாம். அரச வைத்தியசாலையின் சேவை இலவசம். வேலைக்காகக் கேட்டு வாங்குவது இலஞ்சம், 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் அது குற்றம். நீங்கள் கொடுத்தால் கொடுக்க வழியில்லாத அடுத்த கட்டில் ஆச்சிக்குப் போர்வை மாறாது. யாராவது நேரடியாகக் கேட்டால் வார்ட் சிஸ்டரிடம் சொல்லுங்கள். நன்றி சொல்ல ஆசை என்றால் நன்றாகப் பார்த்தவரின் பெயரை எழுதிப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். அது அவரது கோப்பில் கிடக்கும். முறைப்பாடு எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், இதை எழுத யாருமில்லை.

திரும்பத் திரும்பச் சொன்னா கோபம் வந்து அவரைக் கவனியாம விட்டிடுவினமோ எண்டு பயமா இருக்கு.

இந்தப் பயத்தால் சொல்லாமல் விட்டவர்கள் பலரை நான் அறிவேன். அடுத்த நாள் காலையில் “நேற்றிரவே அப்படித்தான் இருந்தது மிஸ்” என்று சொல்வார்கள். நெஞ்சு பதறும். தயவுசெய்து சொல்லுங்கள்.

குற்றச்சாட்டாகச் சொல்லாமல் கண்டதைச் சொல்லுங்கள். “யாரும் பார்க்கவில்லை” என்றால் சண்டை வரும். “ஆறு மணிக்கு மூச்சு 18, இப்ப 28, முகம் வேர்க்குது, ஒருக்கா வந்து பாருங்கோ மிஸ்” என்றால் எந்தத் தாதியும் எழும்பி வருவார். வராவிட்டால் பொறுப்புத் தாதி, அவருக்கு மேல் வார்ட் டொக்டர். அங்கேயும் கேட்கவில்லை என்றால் அந்த நேரத்தின் கடமை நிர்வாக அதிகாரி. யாரிடம் எத்தனை மணிக்கு என்ன சொன்னீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

ஏதோ பிழை நடந்துபோச்சு எண்டு நினைக்கிறம். எங்க போறது?

முதலில் சத்திரசிகிச்சை நிபுணரைச் சந்தித்து நடந்ததைக் கேளுங்கள். விளக்கம் போதாது என்றால் வைத்தியசாலைப் பணிப்பாளருக்கு எழுத்தில் கொடுத்து, பிரதியில் கிடைத்ததற்கான ஒப்பம் வாங்குங்கள். தனியார் வைத்தியசாலை என்றால் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபைக்கு எழுதலாம். டொக்டரின் நடத்தை பற்றியது என்றால் இலங்கை மருத்துவப் பேரவை. கட்டில் பதிவேடு, அதாவது வார்ட்டில் உங்கள் ஆளைப் பற்றி எழுதிய குறிப்புகள், வைத்தியசாலையிடமே இருக்கும். அரச வைத்தியசாலையில் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விபரம் கோரலாம். மேலே சொன்ன அந்தக் கொப்பி இங்கே உங்களுக்குத் துணை நிற்கும்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டிட்டினம். காயம் பழுக்குதா எண்டு வீட்டில எப்பிடிப் பாக்கிறது?

காயத்தில் கிருமித்தொற்று பெரும்பாலும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தலைகாட்டும், ஒரு மாதம் வரையும் வரலாம். நீங்கள் அப்போது வீட்டில்தான் இருப்பீர்கள். முதல் இரண்டு நாட்களில் வரும் இலேசான காய்ச்சல் அநேகமாகக் காயத்தால் இல்லை. குறையத் தொடங்கிய வலி திரும்பக் கூடினால், ஓரம் சிவந்து சுட்டால், சீழோ கெட்ட மணமோ வந்தால், குளிரோடு காய்ச்சல் வந்தால் போய்க் காட்டுங்கள். சிவப்பு பரவுகிறதா என்று சந்தேகமென்றால் அதன் விளிம்பைச் சுற்றிப் பேனையால் கோடு போடுங்கள். சில மணித்தியாலம் கழித்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டியிருந்தால் நாளைக்கு என்று வைக்க வேண்டாம்.

வார்ட்டை விட்டு வர முன் டயக்னோசிஸ் கார்ட் (என்ன வருத்தம், என்ன சிகிச்சை என்று எழுதிய அட்டை) கையில் இருக்கிறதா, தையல் வெட்டும் திகதி, கிளினிக் திகதி, எந்தக் குளிசையை எத்தனை நாள், மருந்து கட்ட எங்கே போவது, ஏதும் நடந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருந்து கட்ட ஊரில் பக்கத்து அரச வைத்தியசாலையே போதும், அதற்காகக் கொழும்புக்கு வர வேண்டாம்.

இறால், நண்டு, கத்தரிக்காய், தக்காளி எல்லாம் கிரந்தி, காயத்துக்குக் கூடாது எண்டு மாமி தடுக்கிறா. முட்டையும் இல்லை. பாணும் தேத்தண்ணியும்தான்.

காயம் ஆறப் புரதம் வேண்டும். மீன், முட்டை, பருப்பு, கோழி, பால் எல்லாம் கொடுங்கள். பாணும் தேநீரும் மட்டும் சாப்பிட்டால் காயம் ஆறப் பிந்தும். முன்பே இறாலோ நண்டோ ஒவ்வாதவர் என்றால் மட்டும் தவிருங்கள். மாமி மனம் நோகாமல் இருக்க இரண்டு கிழமைக்கு இறாலை விட்டுவிட்டு முட்டையையும் மீனையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்கள் சீனியைக் கட்டுப்பாட்டில் வைக்காவிட்டால் எதைச் சாப்பிட்டும் காயம் ஆறாது.

நாளைக்கு விடுறாங்க. அப்பிடியே இரவு பஸ்ஸில யாழ்ப்பாணம் போகலாமா?

ஏறக்குறைய 400 கிலோமீற்றர், எட்டு மணித்தியாலம் போல உட்கார்ந்தே போவது. வயிற்றில் போட்ட ஊசி எதற்கென்று மேலே சொன்னேனே, அதே ஆபத்துதான் இங்கேயும். இடுப்பு, முழங்கால், புற்றுநோய், பெரிய வயிற்று ஒப்பரேஷன் செய்தவர்கள் டொக்டரிடம் கேட்காமல் புறப்பட வேண்டாம். வீட்டிலும் சில நாள் அந்த ஊசியைத் தொடரச் சொல்லலாம். முடிந்தால் இரண்டு மூன்று நாள் கொழும்பில் தங்கிப் போங்கள்.

போகத்தான் வேண்டும் என்றால் பகலில், எழும்பி நடக்கக்கூடிய ரயிலில் போங்கள். வாகனம் பிடித்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தி நடக்க வையுங்கள். உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டட்டும், தண்ணீர் குடிக்கட்டும். கழிவறைக்குப் பயந்து தண்ணீரை விடுகிறவர்கள்தான் கூடுதல். ஊருக்குப் போன பிறகும் அடுத்த சில கிழமைகளில் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். திடீரென்று மூச்சு முட்டினால், நெஞ்சு வலித்தால் 1990க்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். வந்தவர்களிடம் முதல் வார்த்தையாக எந்தத் திகதியில் என்ன ஒப்பரேஷன் நடந்தது என்று சொல்லி, டயக்னோசிஸ் கார்டைக் கையில் கொடுங்கள்.